நடுக்கோடு இல்லாத விபூதி

பாகலூர் ரோட்டில் மினி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து கம்பெனி ஷெட் வரைக்கும் ஒரே சேறு. ரஞ்சிதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கருவிப் பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டபடி நடந்தாள். அன்றைக்கு அவள் பார்க்கும் மூன்றாவது கம்ப்யூட்டர் இது. முதல் இடத்தில் எலி வயரைக் கடித்திருந்தது. இரண்டாவது இடத்தில் பிளக்கைச் சொருகவே மறந்திருந்தார்கள், அதற்கும் இவளைத்தான் திட்டினார்கள். இனி யாராவது திட்டினால் அழக்கூடத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கேட்டில் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உடைத்த பூசணிக்காயின் சிவப்பு, மழையில் கரைந்து வாசலெல்லாம் ஓடியிருந்தது. பார்க்க நன்றாக இல்லை.

தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற சின்னக் கம்பெனி அது. முதலாளி சௌந்தரராஜன் விருதுநகர்ப் பக்கத்து ஆள். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவசரக்காரர். மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"வாம்மா. உங்க கடைப் பையன் போன வாரம் வந்து என்னத்தையோ அப்டேட் பண்ணிட்டுப் போனான்ல, அன்னையில இருந்து சிஸ்டம் நொண்டுது. முன்னெல்லாம் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடியிற கணக்கு, இப்போ ராத்திரி பூரா ஓடுது. நாளைக்குக் காலையில பெங்களூர் பார்ட்டி வந்து நிப்பாங்க. புது அச்சுக்கு டிரையல். பிரஸ்ஸை எத்தனை டன்னுல வைக்கணும்னு எனக்கு இன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சாகணும்."

"பாக்கறேன் சார்."

"பாக்குறது இல்லம்மா, முடிக்கணும். சந்தோஷ் உன்னைப் பத்திப் பெருமையா சொல்லியிருக்கான். அவனை நம்பித்தான் கூப்பிட்டேன்."

சந்தோஷ் அவள் புருஷன். கீழே பெரிய பிரஸ்ஸில் நிற்கிறவன். நாளைக்கு அந்த கம்ப்யூட்டர் எந்த எண்ணைச் சொல்கிறதோ அதை பிரஸ்ஸில் வைத்து, அதன் முன்னால் நிற்கப் போகிறவனும் அவன்தான். ஆடி மாதத்தில் இதே பிரஸ்ஸில், இதே மாதிரி ஒரு டிரையலில் அச்சு வெடித்து ஒரு துண்டு பறந்தது. டிசைன் பார்த்துவந்த சுபாஷ் பக்கத்தில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை. இரும்பில் குறை இருந்திருக்கும் என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். சந்தோஷ் அதற்குப் பிறகு வெகு நாள் கறி சாப்பிடவில்லை.

டிசைன் அறை மாடியில் இருந்தது. மரப்படி. ஏறினால் பிரஸ் எண்ணெய் வாசமும், அதற்கு மேல் விபூதி வாசமும் வந்தது. ஜன்னல் வழியாகக் கீழே பிரஸ் தெரிந்தது. மேஜை மேல் கறுப்புப் பெட்டி.

பெட்டியின் நெற்றியில் விபூதி இட்டிருந்தார்கள். பூஜை முடிந்தால் இந்தப் பக்கத்தில் தராசிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பட்டை உண்டு, அதில் புதுமை இல்லை. ஆனால் இதில் இரண்டே கோடுகள். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

யாரோ பாதியில் துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பொடி உள்ளே விழுந்தால் வம்பு. துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றினாள்.

உள்ளே பார்த்ததும் பாதிக் கதை புரிந்தது. ரேம் தகடுகளுக்கு மேல் தனியாக ஒரு குட்டி விசிறி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. கம்பெனி புது மெஷின் வாங்கித் தராததால், இருக்கிற ரேமை அது தாங்கும் வேகத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார் சுபாஷ். கிழட்டு மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி ஓட்டுகிற மாதிரிதான். அதற்கான எண்களையெல்லாம் போர்டின் பயாஸில் வைத்திருந்தார். போர்டு கண் விழித்ததும் முதலில் ஓடுகிற சின்ன புரோகிராம் அது. புது டிஸ்பிளே கார்டு வேலை செய்யவில்லை என்று கடைப் பையன் அந்த பயாஸையே மாற்றிவிட்டான். எண்கள் போய்விட்டன. ரேம் பழையபடி தன் சொந்த நடையில் நடக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த எண்களைத் தெரிந்தவர் உயிரோடு இல்லை. தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டினாள். திரை கறுத்தது. விசிறி சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. நீளமாக ஒரு பீப். பிறகு தானாகவே பழைய வேகத்துக்குத் திரும்பி, ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து நின்றது.

மின்னழுத்தத்தை ஒரு படி ஏற்றினாள். பீப். ஒரு தகட்டைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாள். பீப். காசு மாதிரி இருக்கும் பேட்டரியைக் கழற்றி, எல்லாம் மறக்கட்டும் என்று காத்திருந்து, மாட்டினாள். அதே பீப். இதில் பயப்பட எதுவுமில்லை. புது பயாஸ், பழைய ரேம், இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான்.

ஆனால் ஒரு தடவை, எண்ணை மாற்றிவிட்டுக் கையை எடுத்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் அந்த எண் பழையபடி இறங்கியதைப் பார்த்தாள். யாரும் தொடவில்லை. கீபோர்டு அவள் கையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

கண் கட்டுகிறது, சாப்பிடாததுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு டீ குடிக்கக் கீழே இறங்கினாள்.

திரும்பி வந்தபோது, கழற்றி ஓரமாக வைத்திருந்த மூடியின் மேல் விபூதி இருந்தது.

இரண்டு கோடு.

கூட்டுகிற சாந்தம்மா விளக்குமாற்றோடு படியேறி வந்தாள். சானமாவுப் பக்கத்துக் கிராமத்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிறவள்.

"ஏனுங்க அக்கா, நீங்களா இதுக்கு விபூதி வெச்சீங்க?"

சாந்தம்மா பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"நானில்ல கண்ணு. இது சுபாஷ் சாரு வெக்கற பட்டை. வெள்ளிக்கெழமன்னா எல்லா மிஷினுக்கும் அவருதான் வெப்பாரு. மிஷின்ல நிக்கற பசங்க நெத்தியிலயும் வெப்பாரு. முன்ன பிரஸ்ல நின்னப்ப நடு வெரலு போயிடுச்சி. அதுக்கோசரம் ரெண்டு கோடுதான் விழும்."

"அவரு வெச்சதா? அப்ப பழசுதானே?"

"எப்பிடிப் பழசு? பூஜைக்கு மொத நாளு சோப்புத் தண்ணி போட்டுப் பொட்டிய நாந்தான் தொடச்சேன். பூஜைக்கு மொதலாளி வெச்சது மூணு கோடு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பேடம்மா. வேணாம். அப்பிடியே மூடி வெச்சிட்டு வூட்டுக்குப் போ."

மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் வேலை முடியாவிட்டால் ஏச்சு விழுவது சந்தோஷுக்கு. அதோடு ரஞ்சிதாவுக்குப் பயப்படவும் களைப்பாக இருந்தது. பயத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு வழி இருந்தது. ஓரமாகக் கிடந்த பழைய டிஸ்பிளே கார்டை மாட்டிவிட்டு, பழைய பயாஸையே திரும்ப ஏற்றுவது. அது கடையில் இருந்து கொண்டுவந்த பிளாப்பியில் இருந்தது. நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். அந்த வருடம் கரண்ட் எப்போது போகும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாது, இங்கே யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது. சாமி பேரைச் சொல்லி பிளாப்பியைப் போட்டாள்.

ஏறிக்கொண்டிருக்கும்போது பெட்டித் தகட்டில் சத்தம் கேட்டது. யாரோ விரலால் தட்டுகிற மாதிரி.

டக்.

டக்.

சூடேறினால் தகடு அப்படித்தான் சத்தம் போடும். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏறி முடிந்தது. வேகத்தைக் கூட்டினாள். இந்தத் தடவை பீப் வரவில்லை. எழுந்து, குதிரை மாதிரி நின்றது.

இதற்கு மேல் ஒரு வேலை உண்டு. ரேமைப் பரிசோதிக்கிற சிடி ஒன்றைப் போட்டு, சில மணி நேரம் ஓடவிட்டு, தப்பில்லை என்று பார்த்த பிறகுதான் மெஷினை ஒப்படைக்க வேண்டும். வேகமாக ஓடுகிற ரேம் வெளியே நன்றாக இருக்கும், உள்ளுக்குள் ஒரு எண்ணை இன்னொன்றாக மாற்றிச் சொல்லும். அது அவளுக்குத் தெரியும். சிடியை எடுத்து டிரைவில் வைக்கவும் வைத்தாள். அதற்குள் சௌந்தரராஜன் பின்னால் வந்து நின்றார்.

"வேலை செய்யுதுல்ல? அப்புறம் என்ன? எந்திரிம்மா, நான் கணக்கைப் போடுறேன்."

எழுந்துவிட்டாள். இரவு பூரா உட்கார்ந்து சோதனை பார்க்க அவளால் முடியாது, அதுதான் உண்மை.

கணக்கு டீ ஆறுவதற்குள் முடிந்தது. நூற்றி அறுபது டன். முதலாளி எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். கொஞ்ச நேரத்தில் சந்தோஷ் எண்ணெய்க் கையோடு மேலே வந்தான். ஒரு வாரமாக அவனுக்கு ஷிப்ட் மாறி மாறி வந்தது. முகம் பார்த்தே நாளாகியிருந்தது.

"ரஞ்சி, மொதலாளி குஷியா இருக்காரு. நாளைக்கு டிரையல் நல்லா வந்துச்சின்னா என்னை பர்மனென்ட் பண்றாராம்."

"நீதான் நிக்கப் போறியா?"

"பின்ன? எத்தினி வருசமா நிக்கறேன்." அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன், என்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. பசிக்குது."

அவன் சிரித்துக்கொண்டு இறங்கினான். அவள் பையைக் கட்ட ஆரம்பித்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மெஷினை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கி வைத்தாள். மூடியை மாட்டத் தூக்கும்போது கரண்ட் போனது.

கீழே பிரஸ்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் அறைக்குள் பாதி தூரம்தான் வந்தது.

அப்போதுதான் கவனித்தாள்.

குட்டி விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிளக் அவள் காலடியில் கிடந்தது. ஊருக்கே கரண்ட் இல்லை. விசிறி சுற்றியது.

கையை நீட்டி ரேம் தகட்டைத் தொட்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. இழுத்துக்கொண்டாள்.

பீப்.

நீளமாக, நிற்காமல், காதுக்குள் ஆணி இறங்குகிற மாதிரி. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பீப் நின்றது.

விபூதி வாசம் அடித்தது. இப்போதுதான் குழைத்தது போல ஈர வாசம். அணைந்த மானிட்டரின் கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் யாரோ நின்றிருந்தார்கள்.

கண்ணாடியில் ஒரு கை மெல்ல முன்னால் வந்தது. பெட்டியின் மேல் படிந்தது.

நடு விரல் இல்லை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் உயிர் போய்விடும் என்று தோன்றியது. கழுத்துக்குப் பக்கத்தில், சளி கட்டிய தொண்டையிலிருந்து வருவது போல ஒரு மூச்சு.

"நெஜமாவே... சரியான்னு... பாத்தியாம்மா?"

கரண்ட் வந்தது.

டியூப்லைட் துடித்து எரிந்தது. பின்னால் ஜன்னலைத் தவிர ஒன்றுமில்லை. கீழே யாரோ விசில் அடித்தார்கள். பிளக் தரையில் கிடந்தபடியே கிடந்தது. ஆனால் மெஷின் எழுந்தது. டிரைவில் அவள் வைத்து மறந்த சிடி சுற்ற ஆரம்பித்தது. நீலத் திரையில் ரேம் சோதனை தானாக ஓடியது.

முதலில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு இன்னொன்று. பிறகு திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு கோடும் ஒரே பொய்யைச் சொன்னது. வைத்தது ஒரு எண், திரும்ப வந்தது வேறு எண்.

பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. ஆடி மாதத்து டிரையலுக்கும் இந்த மெஷின்தான் கணக்குச் சொல்லியிருக்கும், இதே வேகத்தில். இரும்பில் எந்தக் குறையும் இல்லை. தான் குத்தி ஓட்டிய மாடு தவறான எண்ணைச் சொன்னது அந்த மனுஷனுக்கு அச்சு வெடித்த பிறகுதான் தெரிந்திருக்கும். பயாஸ் மாறி வேகம் இறங்கியபோது நிம்மதியாக இருந்திருப்பார். இவள் வந்து மறுபடி ஏற்றிவிட்டாள், சோதித்துப் பார்க்கக்கூட அலுத்துக்கொண்டு.

சௌந்தரராஜன் மேலே வந்தபோது அவள் அந்த ரேம் தகடுகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, தன்னிடமிருந்த சாதாரண ரேமை மாட்டி, பிளக்கைச் சொருகி, வேகத்தையும் இறக்கியிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"அந்த நம்பரு தப்புங்க சார். இந்த ரேம் பொய் சொல்லுது. ராத்திரி பூரா ஆனாலும் மெதுவாவே கணக்குப் போடுங்க."

"கிறுக்கு பிடிச்சிருக்கா? வேலை செஞ்சதை நானே கண்ணால பார்த்தேன். அந்த ரேமைக் குடு."

"குடுக்க மாட்டேங்க சார்."

"உங்க கடைக்குப் போன் போட்டேன்னா உன் வேலை போயிரும், தெரியும்ல?"

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"போவட்டும் சார். நாளைக்கு பிரஸ்ஸு முன்னாடி நிக்கறது என் வீட்டுக்காரரு. அந்த நம்பரு மேல அவ்ளோ நம்பிக்கை இருந்தா, நீங்க வந்து நில்லுங்க."

ஜன்னல் வழியாகக் கீழே, பெரிய பிரஸ் இருந்த பக்கம் முதலாளியின் பார்வை போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மறுநாள் ரஞ்சிதா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, ராயக்கோட்டை ரோட்டு லைன் வீட்டில் வாசலைப் பார்த்தபடியே கிடந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷ் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நூத்திப் பத்துதான் வந்துச்சி ரஞ்சி. விடிகாலம் வரைக்கும் மொதலாளியே உக்காந்து பாத்தாரு. நேத்து நம்பரை வெச்சிருந்தா அச்சு தாங்கியிருக்காதாம். அவரே சொன்னாரு, சொல்லிட்டு மூஞ்சத் திருப்பிக்கினாரு."

"பர்மனென்ட்டு?"

"அதப் பத்தி ஒண்ணியும் பேசல."

"போவட்டும்," என்றாள். அப்போதுதான் விளக்கைப் போட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

நெற்றியில் விபூதி. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

"யாரு வெச்சா இத?"

"சாந்தம்மாதான். பிரஸ்ஸ ஓட்றதுக்கு முன்ன பின்னால இருந்து வெச்சாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கல, பட்டனு மேல கையி இருந்துச்சி." கொட்டாவி விட்டான். "இல்ல... சாந்தம்மா இன்னிக்கு வரலைன்னு யாரோ சொன்னாங்களே. அப்ப யாரு வெச்சா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பாயில் சாய்ந்து தூங்கிப்போனான். அவள் முந்தானையை நனைத்து அந்தக் கோடுகளைத் துடைக்கப் போனாள். பிறகு மனசில்லாமல் விட்டுவிட்டாள். தூங்குகிறவன் கைகளை மடியில் எடுத்து வைத்து, குழந்தைக்குப் பார்ப்பது போல ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்படியே உட்கார்ந்து, சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆணியில் தொங்கிய கருவிப் பையிலிருந்து சத்தம் வந்தது.

டக்.

டக்.

அந்த ரேம் தகடுகள் இன்னும் அதற்குள்தான் இருந்தன.

"அவரு முழுசா வந்து சேந்துட்டாருங்க சார்," என்றாள் பையைப் பார்த்து, மெதுவாக. "எல்லாம் ஆச்சி. நீங்களும் போயித் தூங்குங்க."

சத்தம் நின்றது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் படுத்தாள். உடம்பு முழுக்க ஒரு வாரத்து அலுப்பு. கண் தானாக மூடிக்கொண்டது.

தூக்கம் பிடிக்கிற நேரத்தில் நெற்றியில் ஏதோ பட்டது.

சூடான ஒரு விரல், இடமிருந்து வலமாக மெல்ல இழுத்தது.

அதற்குக் கீழே, ஒரு விரல் இடம் விட்டு, இன்னொரு விரல்.